எந்த மருந்து?

மருதனார்மடம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, "மருந்துக்கடை எங்க இருக்கு?" என்று கேட்பவருக்கு உடனே வழி சொல்லிவிட மாட்டார்கள். "எந்த மருந்து?" என்று முதலில் கேட்பார்கள். டொக்டர் எழுதிய துண்டோடு வந்தவருக்கு ஒரு கடை. வெங்காயத்தில் பூச்சி விழுந்துவிட்டது என்று வந்தவருக்கு வேறொரு கடை. ஊர் வாயில் இரண்டுக்கும் பெயர் மருந்துக்கடைதான்.

தெற்கே இணுவில், மேற்கே உடுவிலும் மானிப்பாயும், கிழக்கே உரும்பிராய், வடக்கே சுன்னாகம். சுற்றிலும் செம்மண் தோட்டங்கள். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் செய்கிற பூமி இது. விளைந்ததில் ஒரு பகுதி மருதனார்மடம் சந்தைக்கே வந்து சேர்கிறது. ஆகவே, தோட்டத்தின் மருந்தும் உடம்பின் மருந்தும் இங்கே ஒரே சந்தியில் விற்கப்படுவதில் வியப்பில்லை. ஊர்ப் பெயரிலேயே மருந்து இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் ஒருமுறை சொன்னார். ஓசை கிட்ட வந்தாலும் மருதும் மருந்தும் வேறு வேறு சொற்கள் என்று அவரை ஏமாற்றமடையச் செய்ய வேண்டியிருந்தது.

நான் முதலாவது வகைக் கடையில் மருந்து கொடுக்கிறவன். சோனகத் தெருவிலிருந்து காலையில் காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் வருவேன். வயது போனவர்கள் 'தம்பி' என்பார்கள். இளையவர்கள் 'நானா' என்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் மருந்தை மட்டும் எண்ணுவதில்லை, சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒருநாள் குளிசை வாங்க வந்த அம்மா ஒருவரிடம், "ஐயா வரேல்லையோ?" என்று கேட்டேன். "நேற்று முழுக்க மருந்தடிச்சவர் தம்பி. இண்டைக்குத் தலை சுத்தெண்டு மருந்தெடுக்கப் போட்டார்" என்றார். கடையில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் மருந்துதான் இரண்டாவது மருந்துக்குக் காரணம் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வசனத்தில் விளங்காதது எதுவுமே இருக்கவில்லை அவர்களுக்கு.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது: மருந்து என்ற பெயர் தனியே நின்று எதையும் சொல்வதில்லை, அதற்குப் பின்னால் வருகிற வினைதான் எல்லாவற்றையும் சொல்கிறது. மருந்து எடுத்தால் வைத்தியரிடம் போனதாக அர்த்தம். மருந்து கட்டினால் புண். ஒஸ்தா மாமா சுன்னத்துச் செய்துவிட்டுப் போன பிறகு வீட்டில் பேசப்படும் மருந்து கட்டுகிற மருந்துதான். மருந்து அடித்தால் தோட்டம். மருந்து வைத்தால் எலி. மருந்து போட்டுவிட்டாள் என்றால், அநேகமாக ஒரு மாமி தன் மருமகளைப் பற்றிச் சொல்கிறாள், மகன் தன் சொல் கேளாமற் போனதற்கு அவளுக்கு வேறு காரணம் தெரியவில்லை. ஹஸ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்குவதும், தகடு எழுதுவதும், யாருடைய சோற்றில் என்ன கலந்தது என்று குசுகுசுப்பதும் அந்த மருந்தின் பின்விளைவுகள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் 'இங்கு மருந்து எடுக்கப்படும்' என்று பலகை தொங்கும். நம் நாட்டவர் அதைப் பார்த்து டிஸ்பென்சரி என்று நினைத்து உள்ளே போகக்கூடாது. வயிற்றில் யாரோ இட்ட வசிய மருந்தை வெளியே எடுப்பதாகச் சொல்லிப் பிழைப்பவரின் வீடு அது. ஒரே பெயர், ஒரே வினை. நடுவே ஒரு கடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து குடித்தால்? அதற்குப் பிறகு வருகிறேன்.

மருந்துக்கு முன்னால் ஒட்டுகிற பெயர்கள் இன்னும் வேடிக்கையானவை. இருமல் மருந்து இருமலை இல்லாமற் செய்யும். எலி மருந்து எலியை இல்லாமற் செய்யும். பிள்ளை மருந்தோ பிள்ளையைக் காக்கும். இலக்கணகாரர் இதற்கு வேற்றுமைத் தொகை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அந்நியர் ஒருவர் தமிழ் படிக்க வந்து இந்த மூன்றையும் ஒரே அலுமாரியில் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் தோட்டக்காரரின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் 'பூச்சிக்கு மருந்தடிச்சன்' என்று சொல்வதைவிட, 'வெங்காயத்துக்கு மருந்தடிச்சன்' என்று சொல்வதே அதிகம். அவருக்கு நோயாளி வெங்காயம். தாள் பழுக்கிறது, நுனி கருகுகிறது, சுருள்கிறது. பரியாரியார் நாடி பார்ப்பதுபோல அவர் தாளைப் பிடித்துப் பார்க்கிறார். வெங்காயத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது மருந்துதான், பொய்யில்லை. அரசாங்கம் அதற்குப் 'பீடைநாசினி' என்றும் 'களைநாசினி' என்றும் பெயர் வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் வந்த நாள் தொட்டு இவற்றைப் பதிவதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் ஒரு பதிவாளரே உண்டு. நாசினி என்ற அந்தச் சொல்லில் ஒளிவுமறைவில்லை, என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறது. எழுத்தில்தான் சொல்கிறது. சந்தியில் யாரும் வந்து பீடைநாசினி கேட்டதை நான் கேட்டதில்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. கிரேக்கத்தில் 'ஃபார்மகோன்' என்ற ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறித்தது. எங்கள் கடைப் பலகையில் எழுதியிருக்கும் 'பாமசி' அதன் வழி வந்தது. சீனத்தில் பூச்சிகொல்லி, பயிருக்கான மருந்து. வெடிமருந்து, நெருப்பு மருந்து. சாகாமலிருக்க மருந்து தேடிய சீன இரசவாதிகளின் கையில்தான் கந்தகமும் வெடியுப்பும் கரியும் ஒன்றாகித் தீப்பற்றின. ஆயுளுக்கு மருந்து தேடிப் போய்ச் சாவுக்கு மருந்து கண்டார்கள். பாரசீகத்தில் 'தாரூ' என்றால் மருந்து. அது இந்தியாவுக்கு வந்து சாராயமாயிற்று. மராத்தியில் சாராயத்தோடு வெடிமருந்துக்கும் அதுவே பெயர். மம்லூக்கியர் காலத்து அறபுப் போர்க்கலை நூல்களில் வெடிக்கலவைக்குத் 'தவா' என்றே பெயர். நாம் தினமும் துஆவோடு சேர்த்துச் சொல்கிற அதே தவா. சிங்களத்தில் மருந்து 'பெஹெத்'. வெடிமருந்து 'வெடி பெஹெத்'. தோட்டத்துக்கு அவர்களும் பெஹெத்தான் அடிக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஒருவர்மேல் ஒருவர் வெடிமருந்தைக் கொட்டிய இரு சமூகங்கள் அதற்கு ஒரே மாதிரிப் பெயர் வைத்திருந்தன.

வெடிமருந்து என்று நீட்டிச் சொல்லாமல் வெறுமனே 'மருந்து' என்று சொல்லவும் யுத்தம் நமக்குப் பழக்கிவிட்டது. 1990களில் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது எரிபொருளும் மின்கலங்களும் உரமும் தடைப்பட்டியலில் இருந்தன. பயிருக்குப் போடும் யூரியாவை வெடிமருந்தாக்கலாம் என்பது காரணம். ஆஸ்பத்திரி மருந்துகளும் மட்டுப்பட்டன. ஒரு மருந்தைத் தடுக்க வேண்டி மற்றொரு மருந்தையும் மறித்த காலம் அது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாள். அதைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுத வேண்டியதும் இருக்கிறது. இங்கே சொல்ல விரும்புவது ஒரு சின்னப் போத்தலைப் பற்றி. உம்மம்மாவுக்கு இழுப்பு. தானே இடித்து, சலித்து, தேனில் குழைத்துச் சாப்பிடுகிற ஒரு தூள் இருந்தது. மிளகும் வேர்க்கொம்பும் கருஞ்சீரகமும் அதில் இருந்தது தெரியும். மற்றவை அவவோடு போய்விட்டன. நகையைக் கழற்றி வைக்கச் சொன்ன இடத்தில், பைகளைக் கிண்டிய பொடியன் ஒருவன் அந்தப் போத்தலை எடுத்தான். கறுப்புத் தூள். "இது என்ன?" என்றான். "மருந்து மகன்" என்றா உம்மம்மா. அவன் கை ஒரு கணம் நின்றது. மூடியைத் திறந்தான், மணந்தான், தும்மினான். பிறகு மூடியை ஒழுங்காக இறுக்கி அவவின் கையிலேயே கொடுத்துவிட்டான். தோளில் துவக்கோடு நின்ற அவனுக்கு எந்த மருந்து முதலில் நினைவுக்கு வந்திருக்கும் என்பதைப் பின்னாளில்தான் யோசித்தேன். அவனுக்குப் பதினேழு வயதுகூட இருந்திராது. புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலிருந்து வந்த பொருள்களில் அந்தப் போத்தலும் ஒன்று.

தமிழில் 'மருந்துக்கும் இல்லை' என்று ஒரு வழக்கு உண்டு. மருந்துக்கு எடுக்கிற அளவு மிகச் சிறிது. அந்தச் சிறு அளவுகூட இல்லை என்பது பொருள். வாப்பா புத்தளத்தில் ஒரு முகாம் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு அடிக்கடி இதைச் சொல்வார்: "தெருவில மருந்துக்கும் ஒரு சோனகன் இல்ல இப்ப." இந்த வழக்கை நான் முதலில் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. அவருடைய வாயில்.

வீட்டுப் பெண்களின் மருந்து வேறொரு உலகம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் மருந்து. அது போத்தலில் வராது, அம்மியில் வரும். மஞ்சள், மிளகு, கொத்தமல்லி, சீரகம், உள்ளி. குழம்பாகவும் இருக்கும், மருந்தாகவும் இருக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழர் வீட்டில் இதைச் சரக்கு என்பார்கள். கிழக்கில் காயம் என்பார்கள். கிழக்கிலிருந்து மருமகளாக வந்த எங்கள் சின்னம்மா ஒருவர் "காயம் தின்ன வேணும்" என்று சொன்னபோது, வீட்டில் இருந்தவர்கள் எங்கே காயம் என்று பதறிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. சோறா மருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த இடத்துக்கு இப்னு சீனா தனியாக ஒரு படி வைத்திருக்கிறார். அவருடைய 'கானூன்' உடம்புக்குள் போவதை வகைப்படுத்துகிறது: உடம்பு மாற்றிக்கொள்வது உணவு, உடம்பை மாற்றுவது மருந்து, இரண்டுக்கும் நடுவே மருந்துணவு. அத்தோடு நிற்கவில்லை. மருந்துக்கு அப்பால் நச்சுமருந்து, அதற்கும் அப்பால் வெறும் நஞ்சு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஹகீமுக்கு ஐந்து படிகளும் ஐந்து பெயர்களும் தேவைப்பட்டிருக்கின்றன. நாங்கள் ஒரே சொல்லால் ஏணி முழுவதையும் ஏறி இறங்குகிறோம்.

மருந்துக்குத் தமிழில் எப்படிப் பெயர் வைப்பது என்று மண்டையை உடைத்த மனிதர் ஒருவர் இந்தச் சந்தியிலிருந்து சிறிது தூரத்தில் வாழ்ந்திருக்கிறார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்தவர். உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்து, 1860களில் அந்தப் போதனையைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். இரண வைத்தியம், உடற்கூறு, இரசாயனம் என்று பெரிய நூல்களையெல்லாம் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்து பதார்த்த சாரம்'. தலைப்பில் மருந்து என்ற சொல்லே இல்லை. அது பதார்த்த குணம் என்ற பழைய மரபு. ஒரு பொருள் பொருளாகத்தான் இருக்கிறது, யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுக்கிறோம் என்பதே அதை மருந்தாக்குகிறது என்பது அதன் உட்கருத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மதமாற்ற நோக்கத்தோடு வந்தவர்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும், நோயாளி தன் நோயைத் தன் மொழியிலே சொல்லவும் வைத்தியன் அந்த மொழியிலே விளங்கிக்கொள்ளவும் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. அது ஏன் என்று சொல்கிறேன்.

2000களின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி. நான் மருந்து கொடுக்கிற பகுதியில் பயிற்சியில் இருந்தேன். ஒரு மாலை, அகதி முகாமிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. கூட வந்த தமையனுக்குச் சிங்களம் அரைகுறை. அன்று கடமையில் இருந்த டொக்டருக்கும் நேர்ஸுக்கும் தமிழ் இல்லை. "மருந்து குடிச்சிட்டாள், மருந்து குடிச்சிட்டாள்" என்று தமையன் அழுதுகொண்டே சொன்னதை, அவரே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்: "பெஹெத் பீலா." மருந்து குடித்திருக்கிறாள். நேர்ஸ் தலையாட்டினார். நல்லது, எந்தக் கிளினிக்கில் எடுத்த மருந்து, எத்தனை மணிக்கு, துண்டு இருக்கிறதா என்று அமைதியாகக் கேட்கத் தொடங்கினார். தமையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. அவர் சொன்னது எதற்காக இப்படி அமைதியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதும் விளங்கவில்லை. வாசலால் போன நான், "வஹ பீலா, மிஸ்" என்றேன். நஞ்சு. அந்த ஒரு சொல்லில் வார்ட்டு முழுவதும் ஓடத் தொடங்கியது.

அவள் பிழைத்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். அந்த நேர்ஸில் எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்விகள். தமையனும் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். எங்கள் மொழியில் எத்தனையோ வீடுகளில் இந்தக் காரியத்துக்கு இருக்கிற பெயரே அதுதான். நஞ்சு குடித்தாள் என்று சொல்ல நா கூசுகிறது. மருந்து குடித்தாள் என்றால் ஊர் விளங்கிக்கொள்ளும், வீட்டு மானமும் அரைவாசி மிஞ்சும். வெட்கத்தை மூடுவதற்குச் சொல்லைப் போர்வையாக்கியிருக்கிறோம். ஊருக்குள் அந்தப் போர்வை போதும். ஆஸ்பத்திரி வாசலில், வேறு மொழிக்காரரின் முன்னால், அதே போர்வை மூச்சை அடைத்துவிடுகிறது.

பல நாள் கழித்து அந்தப் பெண் மருந்து வாங்க எங்கள் யன்னலுக்கு வந்தாள். சாக வேண்டும் என்று நினைக்கவே இல்லை என்றாள். தமையனோடு ஒரு வாய்த்தர்க்கம், கைக்கெட்டிய இடத்தில் தோட்டத்துப் போத்தல், அவ்வளவுதான். இந்த நாட்டில் இதை ஆராய்ந்த வைத்தியர்கள் சொல்வதும் இதுவே. பெரும்பாலும் ஒரு கண நேரக் கோபமும் துக்கமுமே காரணம். அந்தக் கணத்தைத் தாண்டிவிட்டால் வாழ்க்கை தொடர்கிறது. கையில் கிடைத்த பொருள் எவ்வளவு கொடியது என்பதுதான் தாண்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பீடைநாசினிகள் சிலவற்றை 1984இலேயே தடைசெய்யத் தொடங்கியிருந்தார்கள். 1995இல், உலக சுகாதார நிறுவனம் மிக நச்சானவை என்று முதலாம் வகுப்பில் வைத்தவற்றில் எஞ்சியவற்றையும் நிறுத்தினார்கள். 1998இலும், 2008க்கும் 2011க்கும் இடையிலும் இன்னும் சில போயின. 2015 ஆகும்போது விகிதம் ஏறத்தாழ எழுபது வீதம் குறைந்திருந்தது. அந்த இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை என்பதையும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். யுத்தத்தின் நடுவிலும் சத்தமில்லாமல் நடந்த இந்தக் காரியத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. இத்தனை உயிரை ஒரு சட்டமும் ஒரு பதிவேடும் காத்தது என்றால் செய்திக்குச் சுவை போதாது போலும்.

ஆகவே, சொல்லை மாற்றினால் சாவு குறைந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. குறைத்தது, பொருளை அகற்றியதுதான். ஆனாலும், பெயர் வைப்பதில் நம் மார்க்கத்துக்கு ஒரு கண்டிப்பு இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுவைப் பற்றிக் கேட்ட ஒரு தோழரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, மருந்துக்காகத்தான் செய்கிறேன் என்று அவர் சொன்னார். அது மருந்தல்ல, நோய் என்று நபியவர்கள் திருத்தினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இந்தச் செய்தியை மது பற்றிய சட்டமாக மட்டுமே பயானில் சொல்வார்கள். எனக்கோ அது ஒரு பெயரைத் திருப்பிப் பிடுங்கிய சம்பவமாகத் தெரிகிறது. கெட்ட மருந்தை நபியவர்கள் தடைசெய்ததாக இன்னொரு அறிவிப்பு இருக்கிறது. கெட்ட மருந்து என்றால் நஞ்சு என்று அதன் அடியிலேயே விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கேயும் நஞ்சு தவா என்ற பெயரோடுதான் வருகிறது. உடனே, அருகிலேயே, அதன் சொந்தப் பெயரும் சொல்லப்பட்டுவிடுகிறது. நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற ஹதீஸை எங்கள் கடைச் சுவரில் யாரோ அழகாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஹிந்து வாடிக்கையாளர்களும் நின்று வாசிப்பார்கள்.

வள்ளுவரும் மருந்துக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். தொண்ணூற்றைந்தாவது. மருந்துப் பெயர் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பாதிக்கு மேல் சாப்பாட்டு ஒழுங்கு: முன் உண்டது செரித்ததா, பசித்ததா, அளவோடு உண். மருந்து என்று தலைப்பிட்டு மருந்தே வேண்டாத வழியைச் சொல்கிறார். அமுதத்தையும் அவர் மருந்து என்றே அழைப்பது வேறு கதை.

அண்மைக்கால வரலாற்றில் இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் ஒன்றாகவே காணாமற் போன ஒரு காலமும் வந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை போட்டார்கள். நவம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் தோட்டங்களில் சேதம் நடந்துவிட்டது. அடுத்த ஆண்டு டொலர் இல்லாமல் நாடு விழுந்தது. ஆஸ்பத்திரிகளிலும் கடைகளிலும் மருந்துத் தட்டுப்பாடு. அந்த நாட்களில் சந்தியின் ஒரு பக்கத்துக் கடையிலும் மறுபக்கத்துக் கடையிலும் ஒரே பதில்: "மருந்து இல்லை." இன்சுலினுக்கு வந்தவரும் வெங்காயத்துக்கு வந்தவரும் ஒரே பஸ் தரிப்பில் நின்று அதைப் பற்றிப் பேசுவார்கள். இருவரும் சொன்னது ஒரே வசனம். எவருடைய முகம் கூடுதலாகக் கறுத்திருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறசர் குளிசை ஒரு மாதத்துக்குக் கேட்டவருக்குப் பத்து நாளுக்குக் கொடுத்துவிட்டு அவருடைய கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

கடைக்கு வாடிக்கையாக வரும் தோட்டக்கார ஐயா ஒருவர் இருக்கிறார். எழுபது கடந்தவர். போன மாரியில் ஒருநாள், மற்றக் கடைக்கு முதலே போய்விட்டு வந்திருந்தார். கையில் இருந்த பையிலேயே என்னிடம் வாங்கிய குளிசையையும் போடப் போனார். "ஐயா, ரெண்டையும் ஒண்டா வைக்காதேங்கோ" என்று ஒரு கடதாசிப் பை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நேரமும் இருந்தது, கேட்டேன்: "அதை நஞ்செண்டே சொன்னால் என்ன ஐயா? வீட்டில பேரப்பிள்ளையள் இருக்கினம் எல்லே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சொல்லலாம் தம்பி. வீட்டில சொல்லலாம்" என்றார். பிறகு தலையைச் சந்தைப் பக்கம் திருப்பினார். "அங்க கொண்டுபோய், நான் நஞ்சடிச்ச கத்தரிக்காய் கொண்டந்திருக்கிறன் எண்டு சொன்னால் ஆர் வாங்குவினம்? நீர் வாங்குவீரோ?"

நான் வாங்குவது அங்கேதான். வாரத்தில் இரண்டு நாள், பஸ்ஸுக்கு முன்னால்.

"மனுசிக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார் ஐயா, கடதாசிப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே. "அவ அதுக்கு மருந்தெண்டு சொல்லுறேல்லை. உன்ர சாமான் எண்டுதான் சொல்லுவா. உன்ர சாமானை வளவுக்க கொண்டராதை, கொட்டிலுக்க வை எண்டுவா." சொல்லிவிட்டு, பிறசர் குளிசைக்குத் திரும்பவும் விலை ஏறிவிட்டதா என்று கேட்டார். ஏறியிருந்தது.